பாம்புகளின் இனவிருத்தியும் இருளர் கூட்டுறவுச் சங்கமும்

நாட்டுப்புறத்தில் பாம்பின் விஷத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அது எப்பொழுது இணைகிறது, எங்கே முட்டையிடுகிறது, இட்ட முட்டைகளில் எத்தனை உயிர் பிழைக்கிறது என்னும் விஷயங்களை விசாரிப்பவரோ மிகச் சிலர். வயலில் எலி பெருகுவதும் குறைவதும், மழைக்காலத்தில் பாம்புக்கடி மிகுவதும் இவற்றோடு தொடர்புடையன. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏழை வகுப்பார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பைக் கொல்லாமலே பாம்பினால் ஜீவனம் செய்து வருவதும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இவ்விஷயங்களைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

அடையாற்றுக் காடு

சென்னை நகரத்தின் தென்பாகத்தில் அடையாறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் தென்கரையில், 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமை ஸ்தானமாக இருந்துவரும் பெருந்தோப்பு உளது. அதற்கு மேற்கே சற்றுத் தூரத்தில் கிண்டிக் காடு இருக்கிறது. குற்றாலத்திலும் ஆனைமலையிலும் காணப்படும் பெருமழைக் காட்டைப் போன்றதன்று இது. கடற்கரைச் சமவெளிக்கே உரிய, இலை முற்றும் உதிராத, முட்புதர் செறிந்த வறண்ட காடு. உஷ்ணப் பிரதேசக் காடுகளுள் இவ்வகை இப்பொழுது மிகவும் அருகிவிட்டது. 1910 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 505 ஹெக்டேர் பரப்பு காப்புக் காடாக ஒதுக்கப்பட்டது. கல்வி ஸ்தாபனங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் பகுத்துக் கொடுத்தது போக, எஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978 இல் தேசியப் பூங்காவாயிற்று. நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் கீரியும் வாழும் இடம் அது. அதை ஒட்டியே, 1972 இல் ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் ஏற்பட்ட பாம்புப் பண்ணை இருக்கிறது. சனி ஞாயிறுகளில் குழந்தைகளுடன் அங்கே செல்வோர் ஏராளம்.

தோப்பும் காடும் ஆற்றங்கரைச் சேறும் சேர்ந்த இச்சிறிய நிலப்பரப்பில் பல ஜாதிப் பாம்புகள் வாழ்கின்றன. சாரையும் நாகமும் எலியைத் தேடித் தரையில் திரியும். பச்சைப் பாம்பும் கொம்பேறி மூக்கனும் கிளைகளில் ஓணானையும் தவளையையும் பிடிக்கும். தண்ணீர்ப் பாம்பு குட்டைகளில் மீனும் தவளையும் உண்ணும். இரை வேறு, இருக்கும் இடம் வேறு, இரை தேடும் நேரமும் வேறாதலால் இவை ஒன்றோடொன்று போட்டியிடாமல் ஒரே தோப்பில் காலங்கழிக்கின்றன.

பிணையல் என்று எண்ணப்படுவது

கோடைக்கு முன்னும் கோடையிலும் இரண்டு சாரைப் பாம்புகள் உடலை முறுக்கிக்கொண்டு, இடுப்பளவு உயரம் எழும்பி, நெடுநேரம் ஆடுவதை விவசாயிகள் கண்டிருக்கலாம். இதைப் பிணையல் என்று கருதி, மேலே புதுத் துணியைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று நம்புவாரும் உண்டு. சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் சேர்ந்து குலவுகின்றன என்னும் பேச்சும் பழமையானது. உண்மையில் அங்கே ஆடுபவை இரண்டும் ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தித் தோற்கடிக்கும் மற்போர் அது. கடிப்பதில்லை, காயமும் இல்லை. தோற்றது விலகிச் செல்லும், வென்றது அவ்விடத்துப் பெண்ணை அடையும். நிஜமான புணர்ச்சி ஆரவாரம் எதுவுமின்றி, இரு பாம்புகளும் தரையில் பக்கம்பக்கமாகக் கிடக்கையில் நடைபெறுகிறது. துணி போட்டவர்க்குச் செல்வம் சேர்ந்ததோ இல்லையோ, துணி பாழானது நிச்சயம்.

பெண் பாம்பு இணைசேரும் பருவத்தில் தான் ஊர்ந்த வழியெல்லாம் ஒரு வாசனையை விட்டுச் செல்லும். ஆண் நாவை நீட்டி நீட்டி அத்தடத்தை அறிந்து பின்தொடரும். ஒரு வீட்டில் பாம்பை அடித்த மறுநாளே வேறொரு பாம்பு அங்கே தென்பட்டால், இறந்ததன் துணை பழிவாங்க வந்தது என்பார்கள். வாசனைத் தடத்தைப் பற்றி வந்த ஆணாக அது இருக்கலாம். அல்லது முன்னதை இழுத்துவந்த அதே எலிகளே பின்னதையும் இழுத்திருக்கலாம். மனிதர் முகத்தை நினைவில் வைத்துப் பகை சாதிக்கும் ஆற்றல் பாம்பின் மூளைக்குக் கிடையாது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஆணிடம் பெற்ற விந்தைப் பெண் பாம்பு பல மாதங்கள் தன் உடலுக்குள்ளேயே காத்துவைத்து, பருவம் வாய்த்தபோது கருத்தரிக்க வல்லது. ஆதலால் தனித்து அடைத்து வைத்த பெண் பாம்பு முட்டையிடுவதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை.

முட்டையும் குட்டியும்

நாகம், சாரை, கட்டு விரியன், தண்ணீர்ப் பாம்பு, மலைப்பாம்பு ஆகியவை முட்டையிடுபவை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், பச்சைப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு ஆகியவை குட்டி போடுபவை. இப்பேதத்திற்குக் காரணம் உண்டு. பாம்பின் முட்டை கோழி முட்டையைப் போல் கெட்டியான ஓடுடையதன்று. தோல் போல் மிருதுவானது, சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதுவது. அதிக வெயிலில் வற்றிப்போகும். வெள்ளத்தில் மூழ்கினால் அழுகிப்போகும். ஆகவே முட்டையிடும் பாம்பு இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கறையான் கட்டிய புற்று, எலி வளை, மக்கிய இலைக்குவியல், எருக்குழி ஆகியவற்றில் வெப்பமும் ஈரமும் ஒரே சீராக இருக்கும். புற்றைக் கட்டியது கறையான். பாம்பு அங்கே குடிக்கூலி கொடாத குடித்தனக்காரன். குட்டி போடும் பாம்போ கருவை வயிற்றிலேயே சுமந்து, காலை வெயிலில் கிடந்து சூடேற்றி, நண்பகலில் நிழலுக்கு நகர்ந்து, நடமாடும் அடைகாப்பிடமாகவே ஆகிவிடுகிறது. கருவுற்ற கண்ணாடி விரியன் வரப்போரத்தில் அசையாமல் கிடப்பதற்கு இதுவே காரணம். சோம்பலென்று எண்ணி அருகே செல்வது அபாயம்.

தென்னாட்டில் நாகம் கோடையில் 12 முதல் 30 வரை முட்டைகள் இடும். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் குஞ்சு வெளிப்படும். அதுவரை தாய் பெரும்பாலும் முட்டைகளை விட்டு அகலாது. சாதாரணமாக மனிதரைக் கண்டு ஓடும் நாகம் அக்காலத்தில் மாத்திரம் எதிர்த்து நிற்கக்கூடும். மலைப்பாம்பின் செய்கை இதனினும் விசேஷமானது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டு நடுங்கச் செய்து, தன் உடலின் சூட்டை உயர்த்தி அடைகாக்கிறது. குளிர்ந்த இரத்தமுடையது என்று கூறப்படும் பிராணி இவ்வாறு உஷ்ணம் உண்டாக்குவதைப் பாரிஸ் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் இந்திய மலைப்பாம்பு ஒன்றிடம் 1841 இலேயே அளந்து பார்த்தார்கள். தண்ணீர்ப் பாம்பு பல பத்து முட்டைகள் இடும். கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை சாதாரணமாக ஈனும். 60க்கு மேற்பட்டதும் உண்டு. சுருட்டை விரியனின் குட்டிகள் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும்.

முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் மூக்கு நுனியில் சிறு பல் ஒன்று இருக்கும். அதனால் தோலைக் கீறிக்கொண்டு வெளிவரும். பின்னர் அப்பல் உதிர்ந்துவிடும். நாகக் குஞ்சுக்கும் விரியன் குட்டிக்கும் பிறந்த கணத்திலேயே விஷமும் விஷப்பல்லும் உண்டு. சிறிதென்று எண்ணிக் கையால் எடுத்தல் கூடாது.

இவை எல்லாவற்றினும் விசித்திரமானது, தோட்ட மண்ணில் புழுவென்று கருதி ஒதுக்கப்படும் புழுப்பாம்பு. விஷமற்றது, எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளை உண்டு வாழ்வது. காதில் நுழையும் என்னும் பயத்திற்கு ஆதாரமில்லை. கம்பெனியாரின் காலத்தில் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்த டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல், 1796 இல் வெளியிட்ட தமது பாம்பு நூலில் இச்சிறு பிராணியையும் சேர்த்தார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அவர் பெயரே. இப்புழுப்பாம்பு ஜாதியில் ஆணே கிடையாது. பெண் மட்டுமே தனித்து முட்டையிட, அதிலிருந்து பெண் குஞ்சுகளே பிறக்கின்றன. ஒரே ஒரு பாம்பு பூந்தொட்டி மண்ணில் கப்பலேறிச் சென்றாலும் புது நாட்டில் வம்சம் தொடங்கிவிடும். அவ்வாறே இன்று உஷ்ண தேசங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அது பரவியிருக்கிறது. கிண்டி போன்று கட்டடங்கள் நான்கு பக்கமும் நெருக்கிய காட்டில், துணை தேடி வீதியைக் கடக்க வேண்டிய சாரை வண்டிச் சக்கரத்தில் மடிய, துணை வேண்டாத புழுப்பாம்போ கவலையின்றி வாழ்கிறது.

முப்பதில் எத்தனை

ஒரு விரியன் ஆண்டொன்றுக்கு முப்பது குட்டி போட்டால் சில ஆண்டுகளில் ஊரே பாம்பாகிவிடாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அப்படி ஆவதில்லை. கருடன், ஆந்தை, மயில், செம்போத்து, கீரி, உடும்பு, காட்டுப்பன்றி ஆகிய யாவும் பாம்புக் குட்டியைத் தின்னும். கட்டு விரியன் பிற பாம்புகளையே இரையாகக் கொள்ளும். எறும்பு முட்டையை அழிக்கும். எஞ்சியவற்றுள் பல, முதற் கோடையில் இரையின்றி மாளும். ஒரு காட்டில் பாம்பின் தொகை கூடாமலும் குறையாமலும் இருக்கிறதென்றால், ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்நாளில் ஈன்ற குட்டிகள் அனைத்திலும் சராசரி இரண்டே இரண்டுதான் வளர்ந்து இனம்பெருக்கும் வயதை எட்டுகின்றன என்பது பொருள். நூறு பிறந்தால் தொண்ணூற்றெட்டு பிறர் வாய்க்குப் போகின்றன.

இக்கணக்கிலிருந்து தெளியவேண்டியது ஒன்று உண்டு. குட்டிகள் மலிவு, வளர்ந்த பெண் பாம்பு அரிது. பருந்துக்கும் கீரிக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் பல ஆண்டுகள் பிழைத்த ஒரு பாம்பை நீக்கினால், அதன் இடத்தை நிரப்ப எத்தனையோ பிறப்பு வேண்டும். எலியின் கதை நேர்மாறு. வயல் எலி பிறந்து சில மாதங்களில் தானே ஈனத் தொடங்கும். சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஒருமுறை ஈனும் பாம்பு அழிந்தால் அதன் தொகை மீள நாளாகும். அதற்குள் எலி பல தலைமுறை கண்டுவிடும். வளைக்குள் எலி சேமித்து வைக்கும் கதிர்களின் அளவை, அவ்வளைகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

தோல் வியாபாரமும் அதன் முடிவும்

வளர்ந்த பாம்பையே தேடிப் பிடித்து அழித்தது தோல் வியாபாரம். கைப்பையும் காலணியும் செய்வதற்கு நீண்ட தோல் வேண்டும். நீண்ட தோல் முதிர்ந்த பாம்பிடமே கிடைக்கும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பல பத்து ஆண்டுகள் சென்னையிலிருந்து பாம்புத் தோல்கள் லட்சக்கணக்கில் வெளிநாடு சென்றன. அவற்றுள் பெரும்பங்கு வயலுக்கு உபகாரியான சாரையின் தோல். பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இப்பழங்குடி மக்கள் நிலமில்லாதவர். காட்டு மூலிகையும் எலி வேட்டையும் பாம்பு பிடித்தலும் அவர்களுடைய குலவித்தை. மண்ணில் பதிந்த கீற்றைப் பார்த்தே எந்தப் பாம்பு, எவ்வளவு நேரத்துக்கு முன் போயிற்று என்று கூறும் திறமை அவர்களுடையது. லாபமோ தரகர்களுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் சென்றது.

1972 இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் பிழைப்பு போயிற்று. கூலி வேலைக்கும் அரிசி ஆலைகளில் கடனுக்காக உழைப்பதற்கும் பலர் சென்றனர். சட்டம் ஒரு கதவைச் சாத்தும்போது மற்றொரு கதவைத் திறந்துவைக்க வேண்டுமென்பதை அச்சமயத்தில் எண்ணிப் பார்த்தவர் அதிகமில்லை.

சங்கத்தின் ஏற்பாடு

1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. விட்டேக்கர் இதற்குத் துணைநின்றார். அடையாற்றிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணையின் வளாகத்தில் சங்கம் இயங்குகிறது. 1982 முதல் விஷம் எடுக்கும் வேலை நடைபெறுகிறது. ஆண்களும் பெண்களும் அங்கத்தினராக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் எந்த ஜாதிப் பாம்பு எத்தனை பிடிக்கலாம் என்று சர்க்கார் உத்தரவு வழங்கும். உத்தரவுச் சீட்டு உள்ளவர் மாத்திரமே பிடிக்கலாம்.

அவர்கள் கொணர்வது நால்வகைப் பாம்புகள்: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பாம்பின் ஜாதிக்கு ஏற்ப நிர்ணயித்த விலையைச் சங்கம் அங்கத்தினருக்கு நேராகக் கொடுக்கிறது, தரகர் கிடையாது. ஒவ்வொரு பாம்பும் மணல் இட்ட மண்பானையில், வாயைத் துணியால் கட்டி, தனித்தனியே வைக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறையாக, மூன்று வாரத்துக்குள் நான்கு தடவை, கண்ணாடிப் பாத்திரத்தின் வாயில் கட்டிய தோலைக் கடிக்கச் செய்து விஷம் எடுக்கிறார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் ஓர் ஓரத்தைக் கத்தரித்து அடையாளமிட்டு, ஜன சஞ்சாரமில்லாத காட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி அகப்பட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மாத்திரம் எடுத்துக்கொள்ளும் இக்கணக்கு நாணயச் சங்க அங்கத்தினர்க்குப் புதிதன்று. தோல் வியாபாரி ஒரு பாம்பினிடம் ஒரு முறைதான் பணம் கண்டான். மூன்று வாரத்தில் விடுபட்ட பெண் நாகம், அவ்வாண்டுக் கோடையிலேயே புற்றுக்குள் தன் முட்டைகளை இடக்கூடும்.

எடுத்த விஷம் உலர்த்திப் பொடியாக்கப்பட்டு, விஷமுறிவு மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு விற்கப்படுகிறது. அவர்கள் அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இந்திய தேசத்தில் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே நெடுங்காலமாகச் செல்கிறது. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இத்தேசத்தில் இறந்தவர் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், என்று 2020 இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. மிகப்பலர் கிராமத்தார். பாதி மரணம் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் நேர்ந்தது. விரியன் குட்டிகள் வயலில் சிதறுவதும், தவளையும் எலியும் மிகுவதும், உழவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதும் இந்நாட்களில் ஒன்றுசேர்கின்றன.

ஆகவே கோடை முடிவதற்குள் வைக்கோற்போரையும் விறகுக் குவியலையும் வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வைப்பது நல்லது. எருக்குழியைக் கோடையிலும் ஆடியிலும் கிளறும்போது கையை விட்டு மண்வெட்டியைக் கொள்ள வேண்டும். தரையில் படுப்போரை இரவில் நாடி வருவது கட்டு விரியன். அதன் கடி வலிக்காமலேகூட இருக்கும். கட்டிலும், விளிம்பைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் அதற்குத் தக்க காவல். கடிபட்டால் காயத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட கை காலை அசையாமல் சட்டம் வைத்துத் தாங்கி, மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போக வேண்டும். மந்திரவாதியிடம் கழியும் ஒரு மணி நேரம் பின்பு எம்மருந்தாலும் மீட்க முடியாததாகும்.

சங்கத்திற்குக் கஷ்டங்களும் உண்டு. உத்தரவு தாமதமானால் அவ்வாண்டு அங்கத்தினருக்கு வருமானம் குறையும். கடற்கரைச் சாலையெங்கும் வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. விட்ட பாம்பெல்லாம் நலமாக வாழ்கிறது என்று எளிதாக எண்ணிவிடவும் இயலாது. பிற தேசங்களில் பழகிய இடத்தினின்றும் தூரத்தில் விடப்பட்ட பாம்புகளை ரேடியோக் கருவி பொருத்திக் கவனித்தபோது, வழி தெரியாது அலைந்து மடிந்தவை அதிகமாக இருந்தன. வீட்டில் புகுந்த பாம்பைப் பிடித்துப் பல காததூரம் கொண்டு செல்வோரும் இதைக் கருத வேண்டும்.

இருளரின் வித்தைக்கு மதிப்பு உயர்ந்திருப்பதும் உண்மை. அமெரிக்காவில் பிளாரிடா சதுப்பு நிலத்தில் அந்நிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள பிராணிகளை அழித்து வந்தபோது, 2017 இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளரை அங்கே அழைத்துக்கொண்டார்கள். சேற்றில் தடம் பார்த்து, முட்டை சுமந்த பெண் பாம்புகளையும் அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். இவ்விருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒரே ஜாதிப் பாம்பின் விஷமும் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுபடுகிறது என்பதைச் சமீப கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. செங்கற்பட்டு நாகத்தின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, வடமேற்கே ராஜஸ்தானத்து நாகம் கடித்தவருக்கு அதே அளவில் பலன் தருவதில்லை. அவ்வப் பிரதேசத்துப் பாம்பின் விஷமும் மருந்தில் சேர வேண்டுமானால், அவ்வப் பிரதேசத்தில் பாம்பு பிடிக்கும் மக்களைச் சேர்த்து இத்தகைய சங்கங்கள் ஏற்பட வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய பானையும் மணலும் துணியும் எங்கும் கிடைப்பவையே. தடம் அறிந்து பாம்பு பிடிப்பவர்களும் பல மாகாணங்களில் இருக்கிறார்கள்.